மறு: பின்ச் கூண்டில் வைக்கும் 'லைவ் கிரீன்ஸ்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

இந்த இழையில் இதுவரை வந்தவை நான்கு சொற்கள்: உயிர்க்கீரை, பசுந்தீவனம், கொத்துத்தழை, பறவைப்பாரி. அவற்றை எடைபோடுமுன் பொருளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவோம். சொல் தந்தவர்களில் பாதிப்பேர் பின்ச் என்ற சின்னக் கூண்டுக் குருவியை வளர்த்தவர்கள் இல்லை என்று தோன்றுகிறது. (கோபித்துக்கொள்ள வேண்டாம், மூன்று வருடம் முன்பு நானும் வளர்த்தவனில்லை.)

தட்டில் தென்னைநார்த் தூளை நனைத்துப் பரப்பி, ராத்திரி ஊறப்போட்ட தினையைத் தூவி வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் விரல் உயரத்துக்குப் புல்லாக எழும்பி நிற்கும். தட்டை அப்படியே கூண்டுக்குள் இறக்குவார்கள். ஜீப்ரா பின்ச்சின் எடை சுமார் 12 கிராம்தான். அது தட்டில் குதித்து, தாளைப் பற்றி இழுத்து, நுனியைக் கிள்ளி, அடியில் ஒட்டியிருக்கும் ஊறிய விதையைத் தேடிப் பிடுங்கும். பாதி பசிக்கு, பாதி விளையாட்டுக்கு. இதுதான் லைவ் கிரீன்ஸ். கட்டுக் கொத்தமல்லியைக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவது இதில் சேராது. அது மதியத்துக்குள் துவண்டுவிடும், இது மறுநாளும் நிற்கும். நமக்குப் பெயர் வேண்டியிருப்பது இந்த வேறுபாட்டுக்கு.

> 'லைவ்' என்றால் உயிருள்ள. எனவே உயிர்க்கீரை என்பதே நேர்ப்பொருள்.

நேர்ப்பொருளாக இருப்பதுதான் ஐயா சிக்கல். மீன் வளர்ப்பில் 'உயிர் உணவு' என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். அங்கே அது ஆர்ட்டீமியா, புழு போன்ற நெளிகிற இரை. பின்ச் வளர்ப்பவர்களும் குஞ்சு பொரித்த நாட்களில் புழு வைப்பதுண்டு. உயிர்க்கீரை என்று படிப்பவர் கீரையில் பூச்சி இருக்கிறதோ என்று தேடுவார்.

தவிர, செடிக்கு 'உயிருள்ள' என்று அடைமொழி போட வேண்டிய தேவை தமிழில் வந்ததே இல்லை. வேரோடு வயலில் நிற்கிறவரை அது பயிர். பிடுங்கி நடுவதற்கென்று வளர்ந்தால் நாற்று. அறுத்துக் காய்ந்தால் வைக்கோல். ஆட்டுக்கு ஒடித்துப் போட்டால் தழை. வேர் மண்ணை விட்டதும் பெயரே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'லைவ்' செய்கிற வேலையைத் தமிழில் 'பயிர்' தனியாகவே செய்துவிடும். இதே காரணத்தால் கொத்துத்தழையும் அடிபடுகிறது: தழை என்றால் ஒடித்துப் போட்டதுதான் நினைவுக்கு வரும்.

பசுந்தீவனம் மாட்டுக்கு எழுதிவைத்த சொத்து. கம்பு நேப்பியர், வேலிமசால் எல்லாம் அதற்குள் குடியிருக்கின்றன. பறவைப்பாரி என்ற சொல்லைப் பார்த்ததும் மகிழ்ந்தேன், முளைப்பாரி தூக்கும் ஊர்க்காரன் நான். ஆனால் முளைப்பாரியை வெளிச்சம் படாமல் வளர்ப்பதால் அது வெளிர்மஞ்சளாக வரும். கூண்டுத் தட்டுக்கு வெயில் வேண்டும், பச்சை ஏற வேண்டும். போதாக்குறைக்கு, முல்லைக்குத் தேர் தந்தவர் பறவைக்கு என்ன தந்தார் என்று யாராவது கேட்பார்கள்.

என் பரிந்துரை: கொறிபயிர். ஊறுகாய் எந்த வீட்டுக்கும் பழகிய வினைத்தொகை, அதே அச்சு. வலி மிகாது, எனவே கொறிப்பயிர் என்று எழுத வேண்டாம்.

*

தம்பி, வணக்கம்.

நான் கோவைப் பக்கம், 15 வருசமா பின்ச் வளர்க்கிறேன். ஜீப்ரா, பெங்காலீஸ்னு ரெண்டு வகையும் இருக்கு. இலக்கணம் நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா குருவி கொறிக்கிறது விதையைத்தானுங்க, இலையைக் கிள்ளும். அப்ப உங்க சொல்லு பாதிக்குத்தான் பொருந்துது.

இன்னொண்ணு. விரல் உயரப் புல்லோட நிறுத்திட்டீங்க. தொட்டியில விட்டு வளர்த்தா கதிர் வரும். பால் பிடிச்ச கதிரைப் பார்த்ததும் என் குருவிக பண்ற ரகளை வேற எதுக்கும் பண்ணாது. ஆஸ்திரேலியாவுல மழை பெஞ்சு புல் கதிர் விடறப்பத்தான் ஜீப்ரா பின்ச் கூடு கட்டும், குஞ்சுக்கு அந்த அரைவிளைச்சல் விதையைத்தான் ஊட்டும். உங்க சொல்லுக்குள்ள அதுக்கும் இடம் வேணும்.

எங்க வீட்டுல பேரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. "பச்சத்தட்ட எடுத்து வைடா"னு பையன்கிட்ட சொல்வேன். அவ்வளவுதான்.

பாலக்கீரையை யாரோ நல்லதுன்னு எழுதியிருந்தாங்க. தினமும் வேண்டாம். அதுல இருக்கிற ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடிச்சுக்கும், முட்டை வெக்கிற பொட்டைக்கு ஆகாது. தட்டுல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா யோசிக்காம கொட்டிருங்க.

*

அக்கா,

பால் பிடித்த கதிரை நான் விட்டது பிழை, ஆனால் அது என் சொல்லுக்கு வலு சேர்க்கிறது. நாற்று என்று வைத்திருந்தால் கதிர் வெளியே நின்றிருக்கும். பயிர் என்றால் முளை, தாள், கதிர் மூன்றும் உள்ளே வந்துவிடும். கதிர்வரை போனால் 'கொறி'யும் பொய்யாகாது. இலையைக் கிள்ளுவது என்னவோ உண்மைதான். அதற்காகக் 'கிள்ளுபயிர்' என்று வைத்தால் கிள்ளுவது நாம் என்றாகிவிடும்.

'பச்சைத்தட்டு' என்பதை நான் விடப்போவதில்லை. வகைக்குப் பெயர் கொறிபயிர், கூண்டுக்குள் வைக்கிற அந்தப் பொருளுக்குப் பெயர் பச்சைத்தட்டு. இரண்டும் இருக்கட்டும்.

> பின்ச் என்பதையும் 'சில்லை' என்று மாற்றிவிட்டால் முழுத்தமிழாகுமே.

உயிரியல்படி இது நல்ல யோசனை. ஜீப்ரா பின்ச்சும் நம் ஊர்ச் சில்லைக் குருவிகளும் ஒரே குடும்பம். பெங்காலீஸோ வெண்முதுகுச் சில்லையின் வளர்ப்பு வழிதான். ஆனாலும் நான் தயங்குகிறேன். 'சில்லை வளர்ப்பு' என்று நாம் எழுதிவைத்தால், வயலில் திரியும் புள்ளிச் சில்லையைப் பிடித்து வளர்க்கலாம் போலிருக்கிறது என்று ஒருவர் கிளம்புவார். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. கூண்டுப் பறவைக்குப் பின்ச் என்பதே இருந்துவிட்டுப் போகட்டும்.

விக்சனரிக்கு ஒருவர் எழுதிய வரைவு கீழே:

> கொறிபயிர் – பெ. வளர்ப்புப் பறவை கொத்தித் தின்ன, தட்டிலோ தொட்டியிலோ வேரோடு வளர்த்துக் கூண்டில் வைக்கும் தினை, சோளம் முதலியவற்றின் இளம்பயிர்.

இரண்டு திருத்தம். 'இளம்பயிர்' என்பதில் 'இளம்' போகட்டும், கதிருக்கு வழி விட வேண்டும். சோளத்தையும் எடுத்துவிடுங்கள். இளஞ்சோளப் பயிரில் ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டாகும், மேய்ப்பவர்கள் ஆட்டையே அதில் விடமாட்டார்கள். 12 கிராம் குருவிக்கு அதை வைக்க எனக்குத் துணிவில்லை. அந்த இடத்தில் 'பனிவரகு' என்று போடலாம். விதை மளிகைக் கடையில் வாங்கியதாக இருக்கட்டும். விதைநேர்த்தி செய்து பொட்டலம் கட்டியதில் பூஞ்சைக்கொல்லி இருக்கும். இது அகராதிப் பதிவில் வராது, ஆனால் வரைவு எழுதியவர் சோளத்தை ஏற்கெனவே ஊறப்போட்டிருக்கிறாரோ என்று சந்தேகம். அப்படியானால் முளைக்க விடாமல் இன்றே கொட்டிவிடுங்கள்.