தமிழில் பிழை இருந்தால் என்ன குறைந்துவிடும்?

கோச்சடைக்காரன்:

மதுரையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில் வேலை பார்க்கிறேன். எங்களோடு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற தம்பி ஒருவர் இருக்கிறார். வசூலுக்குப் போனால், சண்டைக்கு நிற்கிற ஆளைக்கூட "என்னண்ணே, உங்க பக்கம் மழை உண்டா" என்று ஆரம்பித்து உட்கார வைத்துவிடுவார், அப்படி ஒரு வாய். போன வாரம் கிளையில் ஒட்டுவதற்கு அவரை ஓர் அறிவிப்பு எழுதச் சொன்னார்கள். "தவனை கட்ட தவறினால்" என்று எழுதிவிட்டார். மேலாளர் அதைக் கவுண்டருக்கே எடுத்துவந்து, ஆட்கள் நிற்கும்போதே சிவப்பு மையில் சுழித்தார். அதோடு விட்டாரா என்றால் இல்லை, "வாழைப்பழம் சொல்லு பார்ப்போம்" என்றார். தம்பி "வாளப்பளம்" என்றதும், நகை அடகு வைக்க வந்த அம்மா வரைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். (அந்த மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிற ஆங்கிலத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.)

அதனால் கேட்கிறேன். வேலையிலும் பொது இடத்திலும் மொழி இத்தனை சுத்தமாக இருந்தே ஆக வேண்டுமா? புரிந்தால் போதாதா? "தவனை" என்று போட்டிருப்பதால் யாராவது கட்டாமல் போய்விடுவார்களா?

மேலூர் பத்திரம்:

தம்பி, உங்கள் மேலாளர் செய்தது அடாவடி, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் "புரிந்தால் போதும்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் நான் பத்திரம் எழுதுகிறவன், எங்கள் பிழைப்பே ஒரு 'க்கு'வில் தொங்குகிறது.

கிரயப் பத்திரத்தில் நாலு பக்க எல்லையைச் செக்குபந்தி என்போம். "கருப்பையா புஞ்சைக்கு வடக்கு" என்று எழுதினால், நம் இடம் அவர் புஞ்சைக்கு வடக்கே இருக்கிறது, அதாவது அவர் நமக்குத் தெற்கே. "வடக்கே கருப்பையா புஞ்சை" என்றால் அப்படியே தலைகீழ். இரண்டு விதமாகவும் எழுதுகிற வழக்கம் உண்டு. இப்போது அந்த 'க்கு' விட்டுப்போய் "கருப்பையா புஞ்சை வடக்கு" என்று டைப் ஆகிவிட்டது என்று வையுங்கள். விற்றவருக்குத் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும், அவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் பேரன்மார் காலத்தில் வரப்பில் நின்றுகொண்டு ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள், பாருங்கள், அப்போதுதான் அந்த 'க்கு' எங்கே போனது என்று தேடுவோம். பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும் என்றால் விற்றவரும் மறுபடி பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும். அதில் கட்டாயம் ஒருவர் "நான் வந்தால் எனக்கு என்ன" என்று கேட்பார்.

பெயரும் அப்படித்தான். பட்டாவில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவர்தான் அலைய வேண்டும், தப்பாக அடித்தவர் அலைய மாட்டார்.

சிம்மக்கல் பிரிண்டர்:

மேலூர் அண்ணன் சொன்னது பத்திரத்துக்குச் சரி. எங்கள் கடைக்கு வந்து பார்த்தால் மதுரையில் பிழைக்கு என்ன மரியாதை என்று தெரியும். பிளக்ஸ் ஆர்டர் இப்போது வாட்ஸப்பில் குரல் பதிவாகத்தான் வருகிறது, ராத்திரி பதினொரு மணிக்கு, பின்னால் பைக் சத்தத்தோடு. அதைக் கேட்டு அடிக்கிறோம். நாங்கள் அடிப்பது பாமினி என்ற பழைய எழுத்துருவில், கட்சிக்காரர்கள் அனுப்புவது யூனிகோடில், மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஒற்று விட்டுப்போனால் இதுவரை ஒருவரும் வந்து கேட்டதில்லை. ஆனால் பட்டப்பெயரில் ஒன்று விட்டுப்போகட்டும், அல்லது மூணாவது வரிசையில் மச்சான் படம் மாமா படத்தைவிடச் சின்னதாக இருக்கட்டும், கடை ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

ஒரே விதிவிலக்கு கண்ணீர் அஞ்சலி. இறந்தவர் பெயரில் எழுத்து தப்பினால் வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டு அழுவார்கள். அதை மட்டும் நான் ஒவ்வொரு எழுத்தாகப் போனில் படித்துக் காட்டாமல் மெஷினுக்கு அனுப்புவதில்லை.

மகால் பக்கம்:

இரண்டு பேரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தத் தம்பியைச் சிரித்தது பேச்சுக்கு. நான் சௌராஷ்டிரா வீட்டுப் பெண், வீட்டில் வேறு மொழி, தெருவில் மதுரைத் தமிழ், பள்ளிக்கூடத்தில் புத்தகத் தமிழ். மூன்றையும் கலக்காமல் பேசப் பழகியதே சிரிப்புக்குப் பயந்துதான். ழகரம் நாக்கில் வராதவர் நம் ஊரில் எத்தனை பேர், அங்கிட்டு இங்கிட்டு என்று சொல்லாதவர்தான் யார்? தவணையை எழுதத் தெரியவில்லை என்றால் கூப்பிட்டு உட்காரவைத்துத் திருத்தலாம், இரண்டு நிமிட வேலை. வாழைப்பழத்துக்கும் நகைக்கடனுக்கும் என்ன சம்பந்தம்? மேலாளர் தம்பிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர் எந்த ஊர்க்காரர் என்று கவுண்டரில் இருந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்.

தல்லாகுளம் தாத்தா:

இப்படியே சலுகை கொடுத்துக்கொண்டு போனால் எங்கே நிற்கும்? அரசு வேலைக்கு 2021இல் ஆணை போட்டார்கள், டிஎன்பிஎஸ்சி குரூப் 4இல் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் வாங்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். சும்மாவா செய்தார்கள்? 1901இல் இதே மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்த பாண்டித்துரைத் தேவர், பிழை மலிந்த திருக்குறள் பதிப்பு ஒன்றை இருந்த பிரதி அத்தனையும் விலைகொடுத்து வாங்கிக் கொளுத்தினார் என்று சொல்வார்கள். அந்த ரோஷம் வேண்டும்.

மகால் பக்கம்:

தாத்தா, அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். குறளைக் கெடுத்தது எழுதத் தெரியாத ஆள் இல்லையே. எதுகை சரியாக அமையவில்லை என்று நினைத்துக்கொண்டு வள்ளுவரையே திருத்தப் போன ஒரு வெள்ளைக்காரத் துரைதானே? நம்முடைய மேலாளர் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தல்லாகுளம் தாத்தா:

வாயாடி. ஆனாலும் அறிவிப்புப் பலகையில் "தவனை" என்று ஒட்டக் கூடாதம்மா, அதில் நான் இறங்க மாட்டேன். நாங்கள் படிக்கும்போது லை, ணை எல்லாம் துதிக்கை போட்டு எழுதினோம், 1978இல் மாற்றினார்கள், கை பழக வருஷமாயிற்று. இருந்தாலும் பழகிக்கொண்டோமில்லையா?

கோச்சடைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அறிவிப்பை இன்று நானும் தம்பியும் சேர்ந்து திருத்தி ஒட்டிவிட்டோம், இனி ஒட்டுவதற்கு முன்னால் வேறொருவர் படிக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம், மேலாளர் எழுதினாலும்தான்.

மேலூர் அண்ணே, உங்கள் செக்குபந்தியைப் படித்துவிட்டு அப்பா பீரோவைத் திறந்து எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்தார். மூன்று பக்கத்துக்கு 'க்கு' இருக்கிறது, மேற்கில் மட்டும் "பொதுப்பாதை மேற்கு" என்று மொட்டையாக நிற்கிறது. பாதை உண்மையில் வீட்டுக்குக் கிழக்கே போகிறது. இது தப்பா, சரியா? போட்டோ எடுத்து இங்கே போடட்டுமா?

மேலூர் பத்திரம்:

இங்கே போடாதீர்கள் தம்பி, சர்வே எண்ணும் தாத்தா பெயரும் ஊர் முழுக்கத் தெரிய வேண்டாம். பாதை கிழக்கே இருந்தால் அது "பாதைக்கு மேற்கு" என்றுதான் இருந்திருக்க வேண்டும், 'க்கு' விழுந்திருக்கிறது. முந்தின தாய்ப்பத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள், வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். எழுதிக் கொடுத்தவர் இருக்கிறாரா? இருந்தால் தள்ளிப்போடாமல் இந்த மாதமே போய்ப் பார்த்துவிடுங்கள்.