பேரியம் டைட்டனேட் நானோ தூள்: கியூபிக்கா, டெட்ராகோனலா?

ஹைட்ரோதெர்மல் முறையில் (அழுத்தத்தில் சுடுநீரில் வினைபுரிய வைத்து) செய்த தூள், துகள் சுமார் 50 நானோமீட்டர். அதன் படிகம் எல்லாப் பக்கமும் சமமான கியூபிக்கா, ஒரு பக்கம் சற்றே நீண்ட டெட்ராகோனலா என்பதுதான் குழப்பம். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனையில்) 45 டிகிரி பக்கம், டெட்ராகோனல் என்றால் தனித்தனியாக நிற்க வேண்டிய 002, 200 பீக்குகள் இரண்டும் பிரியாமல் ஒரே தடித்த பீக்காக நிற்கின்றன, சரி, கியூபிக் என்று எழுதிவிடலாம் என்றால் ராமன் நிறமாலையில் 305 செ.மீ⁻¹ பக்கம் டெட்ராகோனலுக்கு உரிய கோடு பளிச்சென்று தெரிகிறது. டிஎஸ்சியில் (சூடாக்கும்போது உள்வாங்கும் வெப்பத்தை அளக்கும் சோதனையில்) டெட்ராகோனல் கியூபிக்காக மாறும் 120 டிகிரி செல்சியஸில் வர வேண்டிய மேடு கிட்டத்தட்ட இல்லை. துகள் சிறுத்ததால் சி/ஏ விகிதம் (படிகத்தின் நீண்ட பக்கத்துக்கும் குறுகிய பக்கத்துக்கும் உள்ள விகிதம்) 1.01-லிருந்து இறங்கிவிட்டதா, அல்லது படிகத்துக்குள் மாட்டிக்கொண்ட ஹைட்ராக்சில் (OH) செய்யும் வேலையா? சூடாக்கி ஹைட்ராக்சிலை விரட்டலாம்தான், ஆனால் துகளும் கூடவே வளர்ந்துவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? அளவை மாற்றாமல் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். ரீட்வெல்டில் (அளந்த எக்ஸ்ஆர்டி வரைவோடு கணக்கிட்ட வரைவைப் பொருத்தும் முறையில்) கியூபிக், டெட்ராகோனல் இரண்டையும் சேர்த்துப் பொருத்தியவர்களும் சொல்லலாம், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.