ஜாமில் மட்டும் சூடேறும் பழைய 325ஐ: ஹெட் கேஸ்கெட் என்கிறார் போர்மன், நம்பலாமா?

செந்தூல் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2003 பிஎம்டபிள்யூ 325ஐ, இ46 வகை, எம்54 எஞ்சின், ஆட்டோ கியர். 186,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வருடம் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினேன். ரோட் டேக்ஸ் மட்டும் 874 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). மனைவி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

இரண்டு வாரத்துக்கு முன் மாலை ஜாமில் கோலாலம்பூர் ஃபெடரல் ஹைவேயில், மிட் வேலி பக்கம் மாட்டிக்கொண்டேன். முதலில் ஏர்கோன் காற்று வெதுவெதுப்பாக வந்தது. கேஸ் குறைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பத்து நிமிடம் கழித்து, அதுவரை நட்ட நடுவில் அசையாமல் நின்ற வெப்ப முள் சட்டென்று ஏறிச் சிவப்பைத் தொட்டது. ஓரம்கட்டி அணைத்துவிட்டேன். டோ லாரியில்தான் வீடு வந்தது வண்டி.

ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டை (கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) மாற்றி, பச்சைக் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றி 480 வெள்ளி வாங்கினார்கள். நான்கு நாள் ஒரு குறையும் இல்லை. (காலை ஷிப்ட், ஐந்தரைக்கே கிளம்பிவிடுவேன். அந்த நான்கு நாளும் நான் ஜாமையே பார்க்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.) ஐந்தாம் நாள் ஜாலான் ஈப்போவில் மறுபடி அதே கதை. இப்போது போர்மன், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்றணும்" என்கிறார். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையிலிருக்கும் அடைப்புத் தகடுதான் அந்தக் கேஸ்கெட். 4,000 வெள்ளிக்கு மேல் ஆகுமாம். ஆனால் அது போனால் வரும் வெள்ளைப் புகை வரவில்லை. ஆயில் மூடிக்கு அடியில் பால் மாதிரி ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம்?

விராக்காரன்:
தெர்மோஸ்டாட்டையே எடுத்துப் போட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? என் புரோட்டான் விராவில் பத்து வருடமாக அது இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது.

செராஸ் அங்கிள்:
தம்பி, விராக்காரர் மனசு நல்ல மனசுதான், ஆனால் இந்த வண்டியில் அதைச் செய்துவிடாதே. எம்54இல் தெர்மோஸ்டாட்டைக் கம்ப்யூட்டர்தான் ஆள்கிறது. அதற்குள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. சும்மா விட்டால் 97 டிகிரி வாக்கில் திறக்கும். பாரம் கூடினால் கம்ப்யூட்டர் ஹீட்டரைப் போட்டு அதற்கு முன்பே திறக்கவைக்கும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் சரியாகச் சூடாகாது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எஞ்சின் விளக்கும் எரியும். உன் பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும்.

நீ எழுதியதிலேயே பதில் இருக்கிறது. முதலில் ஏர்கோன் செத்தது, அப்புறம்தான் எஞ்சின் சூடேறியது. ஏர்கோன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது. ஓடும்போது இரண்டுக்கும் ரோட்டுக் காற்று போதும். நின்றுவிட்டால் விசிறி மட்டும்தான். விசிறி சுற்றவில்லை என்றால் கண்டென்சர் சூட்டை விட வழியில்லாமல் ஏர்கோன் முதலில் படுக்கும், எஞ்சின் அடுத்தது. ஹெட் கேஸ்கெட் போன வண்டி ஜாமை மட்டும் பார்த்துச் சூடேறாது. காராக் மேட்டில் ஏற்றிப் பார், அங்கேதான் அழும்.

இன்னொன்று. அந்த முள்ளை நம்பாதே. இந்த வண்டிகளில் சுமார் 75 டிகிரியிலிருந்து 115 வரை முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் பதறக்கூடாதாம். அது அசைந்த நேரம் நீ ஏற்கெனவே ஆபத்தில் இருந்தாய். இந்த எஞ்சினில் பிளாக்கும் அலுமினியம். ரொம்பச் சூடானால் ஹெட் போல்ட்டின் மரை பிளாக்கோடு பிய்த்துக்கொண்டு வரும். அப்போது 4,000 வெள்ளி சின்னத் தொகையாகத் தெரியும்.

முதலில் உண்மையான டிகிரியைப் பார். மீட்டர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் மறைந்திருக்கும் சோதனைப் பட்டியல் வரும். 19ஆம் சோதனையில் பூட்டைத் திறந்தால் 7ஆவதில் கூலண்ட் வெப்பம் தெரியும். கூடவே, ரேடியேட்டருக்குப் பின்னால் இருப்பது பெல்ட்டில் ஓடும் விசிறியா, கரண்டில் ஓடுவதா என்றும் பார்த்துச் சொல்.

செந்தூல் பையன்:
அங்கிள், கரண்ட் விசிறி ஒன்றுதான் இருக்கிறது. சோதனைப் பட்டியலோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன், முடியவில்லை. 35 வெள்ளிக்கு ஒரு ஓபிடி அடாப்டர் (வண்டிக் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் கருவி) வாங்கி ஃபோனில் பார்த்தேன்.

டூக் ஹைவேயில் 90 வேகத்தில் 94 முதல் 97 வரை. பிறகு வேண்டுமென்றே மாலையில் ஜாலான் துன் ரசாக்கில் போய் நின்றேன். 99, 102, 106. ஏர்கோன் 104 வாக்கில் கைவிட்டது. 110 வந்ததும் பெட்ரோல் நிலையத்துக்குள் திருப்பிவிட்டேன். ஏர்கோனை அணைத்து ஹீட்டரை முழுதாக வைத்தேன், மெல்ல 103க்கு இறங்கியது, நான் வியர்வையில் குளித்துவிட்டேன். நீங்கள் சொன்னது போல முள் இவ்வளவு நேரமும் நடுவில்தான், ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

செராஸ் அங்கிள்:
சபாஷ். அந்த நிலையத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லையே? அதில் 2.0 பார் என்று எழுதியிருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 133 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். 110இல் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய் எல்லாம் ஒரே நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும். கை பொறுக்கும் வரை ஆறவிடு.

இனி விசிறி. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய், ஏர்கோனைப் போடு, முன்பக்கக் கிரில்லில் ஒரு பழைய மக்கள் ஓசை பத்திரிகைத் தாளை வை. கொஞ்ச நேரத்தில் விசிறி அதை இழுத்து ஒட்டவைக்க வேண்டும். கையை உள்ளே விடாதே. எஞ்சின் நின்ற பிறகும் அது திடீரென்று சுற்றும்.

ஆயிர் ஈத்தாம் மாமா:
பினாங்கிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 2002 318ஐ. விசிறியைச் சரிசெய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்குக் கூலண்ட் தொட்டி போனது எங்கே தெரியுமா, பினாங்குப் பாலத்தின் நடுவில், மகளைப் பட்டர்வொர்த் ஸ்டேஷனில் விடப் போகும்போது. ஒரு டப் சத்தம், கண்ணாடி முழுக்க ஆவி, 13.5 கிலோமீட்டர் பாலத்தில் அந்த இடம்தானா வேண்டும். மகள் ரயிலை விட்டுவிட்டாள், இன்னும் என்னை விடவில்லை.

கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் தொட்டியின் ஒட்டு நீளவாக்கில் பிளந்திருந்தது. இந்த வண்டியில் தொட்டி, ஹோஸ் முனை எல்லாம் பிளாஸ்டிக், சிலவற்றில் வாட்டர் பம்ப் சக்கரமும் பிளாஸ்டிக். சூட்டில் வெந்து வெந்து பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். உங்கள் வண்டி இரண்டு முறை கொதித்துவிட்டது, தொட்டியின் ஒட்டில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

வயர்மேன்:
தாள் ஒட்டவில்லை என்றால் உடனே விசிறி வாங்க ஓடாதீர்கள். முதலில் அதன் பெரிய பியூஸ். அடுத்தது விசிறியின் பிளக், கழற்றி உள்ளே கருகியிருக்கிறதா பாருங்கள். பிளக் வரை 12 வோல்ட் வருகிறது, எர்த் நன்றாக இருக்கிறது, ஸ்கேனரில் விசிறியைச் சுற்றச் சொன்னாலும் அசையவில்லை என்றால் குற்றம் விசிறியில்தான். ஒன்று கவனம்: வேகத்தை ஆளும் சர்க்யூட் விசிறியோடு சேர்ந்தே இருக்கிறது. அதனால் பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துச் சோதிக்கும் பழைய வித்தை இங்கே பலிக்காது. சிக்னல் இல்லாமல் சுற்றாது. நல்ல விசிறியைக் கெட்டது என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செந்தூல் பையன்:
தாள் ஒட்டவில்லை. வழுக்கிக் கீழே விழுந்தது. பியூஸ் நன்றாக இருக்கிறது, பிளக்கில் 12.4 வோல்ட். நண்பனின் ஸ்கேனரில் கட்டளை கொடுத்தோம், அசையவில்லை. கையால் சுற்றினாலும் கரகரவென்று இறுகி நிற்கிறது. (பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டேன் மாமா, அங்கிள், திட்டாதீர்கள்.)

மனசு கேட்காமல் வேறொரு கடையில் ஹெட் கேஸ்கெட்டையும் சோதித்தேன். தொட்டி வாயில் நீல மருந்து வைத்த குழாயைப் பொருத்தினார்கள். எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் மஞ்சளாகுமாம். பத்து நிமிடம், நீலம் நீலமாகவே இருந்தது.

தொட்டி ஒட்டில் பொருக்கு இருக்கிறது மாமா. நீங்கள் சொன்னதே.

செராஸ் அங்கிள்:
அப்போது ஹெட்டைத் தொடவேண்டாம். கிள்ளான் பக்கம் ஹாஃப் கட் கடைகளில் (வெட்டி எடுத்த பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் கடைகள்) விசிறி கிடைக்கும். பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்கு, அங்கேயே கையால் சுற்றிப் பார்த்து வாங்கு. தொட்டி, மூடி, பம்ப் மட்டும் பழையது வாங்காதே, புதிதுதான்.

அந்தப் பச்சைத் தண்ணீரை முழுதாக வடித்துவிடு. இதற்கு வேண்டியது நீலம், ஜி48 வகை, பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர். பைப் தண்ணீர் வேண்டாம். மொத்தம் எட்டரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும்.

ஊற்றுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடு. ஹீட்டர் முழுச் சூட்டில், காற்று குறைந்த வேகத்தில். அப்போதுதான் ஹீட்டர் வால்வு திறந்திருக்கும். மூடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் திருகு இருக்கும், அதைத் திற. மெதுவாக, ரொம்ப மெதுவாக ஊற்று. அந்தத் துளையில் குமிழி நின்று வெறும் கூலண்ட் வழியும் வரை ஊற்றி, அப்புறம் திருகை மூடு. பலம் காட்டாதே, அது உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்கும் கிடைக்காது. உள்ளே காற்று தங்கினால் விசிறி புதிதாக இருந்தும் சூடேறும், மறுபடி இங்கே வந்து கேள்வி கேட்பாய்.

விராக்காரன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விராவில் இத்தனை சடங்கு இல்லை.

செந்தூல் பையன்:
முடிந்தது. விசிறி 350 வெள்ளி, நானும் நண்பனும் ஒரு மதியத்தில் மாட்டினோம். கூலண்ட் ஊற்ற மட்டும் நாற்பது நிமிடம். நேற்று மாலை ஆறு மணிக்கு மிட் வேலி, அதே இடம், அதே ஜாம். இருபத்தைந்து நிமிடம் 97, 98, ஒரே ஒரு முறை 100. ஏர்கோனில் மனைவி குளிருகிறது என்று துண்டைப் போர்த்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தாளை வைத்துப் பார்த்தேன். டப்பென்று கிரில்லில் ஒட்டிக்கொண்டது, அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழுந்தது.

ஆயிர் ஈத்தாம் மாமா:
சந்தோஷம் தம்பி. தொட்டியை மாற்றினீர்களா?

செந்தூல் பையன்:
தொட்டியும் மூடியும் ஆர்டர் போட்டிருக்கிறேன் மாமா, வியாழக்கிழமை வரும்.

ஆயிர் ஈத்தாம் மாமா:
அதுவரை பாலம் பக்கம் வராதீர்கள்.