லாரி வந்து எடுத்த பிறகும் செப்டிக் டேங்க் நிரம்பி நிற்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில், ஏற்காடு மலையடிவாரத்தை ஒட்டி எங்கள் வீடு உள்ளது. ஐந்து பேர் புழங்கும் வீட்டுக்கு இரண்டு அறைகள் கொண்ட செப்டிக் டேங்கும், அதை அடுத்துச் சிமெண்டு உறை இறக்கிய உறிஞ்சுகுழியும் இருக்கின்றன. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கழிவறையில் ஊற்றும் தண்ணீர் தேங்கித்தான் இறங்குகிறது. லாரியை அழைத்துக் கழிவை எடுத்தும், சில நாட்களிலேயே டேங்க் மறுபடி நிரம்பிவிட்டது. பெரிய டேங்காகக் கட்ட வேண்டும் என்கிறார் கொத்தனார். கடையில் விற்கும் பாக்டீரியா பொடியே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதைச் செய்வது?

பதில்:
ஐயா, டேங்க் நிரம்பியிருப்பது பழுதே அல்ல. கசடு அடியில் படிந்து, எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்க, இடையில் உள்ள நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போகும் வகையில் கட்டப்பட்டது அது. ஒரு குடம் உள்ளே வந்தால் ஒரு குடம் வெளியேற வேண்டும். ஆகவே, நீர்மட்டம் வெளியேறும் குழாயின் அடிமட்டத்தில் நிற்கிறதா, குழாயையே மூழ்கடித்து நிற்கிறதா என்று பாருங்கள். மூழ்கியிருந்தால், பெரும்பாலும் குறை உறிஞ்சுகுழியில்தான் இருக்கும். அந்தக் குழாயின் வாயில் கீழ்நோக்கி இறங்கும் 'டீ' (T வடிவக் குழாய் இணைப்பு) இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

மூடியை அகற்றியதும் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். நெருப்பையும் அருகில் கொண்டு போகாதீர்கள். மீத்தேன் தீப்பிடிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். எவரையும் உள்ளே இறக்கக் கூடாது. கூலிக்கு ஆள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஓர் உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது.

கேட்டவர்:
நன்றி ஐயா. குழாய் மூழ்கியிருக்கிறது, 'டீ' இல்லை. மொட்டை மாடி மழைநீரும் அதே உறிஞ்சுகுழியில்தான் விழுகிறது.

பதில்:
அப்படியானால் புதிய டேங்க் தேவையில்லை. முதலில் மழைநீர்க் குழாயைப் பிரித்து வேறு பக்கம் திருப்புங்கள். மழையில் ஊறிப்போன மண் அதற்கு மேல் நீரைக் குடிக்காது. அடுத்து 'டீ' பொருத்துங்கள். அது இல்லாததால் மேலே மிதக்கும் ஏடு குழிக்குப் போய், உறையைச் சுற்றியுள்ள மண்ணில் கறுத்த வழவழப்பாகப் படிந்து துளைகளை அடைத்திருக்கும். குழியையும் லாரியால் எடுக்கச் சொல்லுங்கள். மழை ஓய்ந்தும் நீர் இறங்காவிட்டால், குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இன்னொரு குழி தோண்டிவிட்டுப் பழையதைச் சில மாதங்கள் ஆறப்போடுங்கள். காய்ந்த மண் ஓரளவு மீளும்.

பொடிக்குச் செலவழிக்க வேண்டாம். தேவையான பாக்டீரியா மலத்தோடு தானே வந்து சேர்கிறது. ஆசிட்டையும் பினாயிலையும் அளவின்றி ஊற்றி அதைக் கொல்லாமல் இருந்தால் போதும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிடுங்கள். உரிமம் பெற்ற லாரியையே அழைத்து, கழிவை எங்கே கொட்டுவார்கள் என்றும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் ஓடையில் கொட்டினால், அது திருமணிமுத்தாற்றில்தான் போய்ச் சேரும்.