உதவி: ஜாக் ரஸல் நாய் ராத்திரி பூரா குரைக்குது, அவசரம்!

டர்பன்_வாசு
எங்க ஜாக் ரஸல் ராத்திரியானா குரைப்பு, விடிஞ்சா தோண்டல். புல்தரை நாசம். பக்கத்து வீட்டு ஆயா ரெண்டு தடவை கேட்டைத் தட்டிட்டாங்க. குரைச்சா ஷாக் அடிக்கிற கழுத்துப்பட்டை டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் எங்கே கிடைக்கும்? சீக்கிரம் சொல்லுங்க.

சில்வர்க்ளென்_நடையன்
வயசு என்ன? ஆணா பெண்ணா? ராத்திரி படுக்கறது உள்ளேயா வெளியேயா? தினம் எவ்வளவு நடை? தோட்டம் முழுக்கத் தோண்டுதா, ஒரே இடத்தையா? இதெல்லாம் சொல்லாம என்னத்தச் சொல்றது தம்பி?
ஷாக் பட்டை மட்டும் வேண்டாம். வலிக்கிற நேரத்துல எதிர்ல வீட்டுக் குழந்தை நின்னா, அந்தக் குழந்தையாலதான் வலின்னு நினைச்சுக்கும்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா
நடை போதலை, வேறொண்ணுமில்லை. வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு மணி நேரம் கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் கம்பு நுனியில கயிறு கட்டி, அதுல பழைய துணியை முடிஞ்சு ஓட விடுங்க. அப்புறம் எங்கே குரைக்கும்?

பாலா_மூத்தவர்
இதே கேள்வி மாசாமாசம் வருது, பழசைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. 1819-இல் ஜான் ரஸல் என்கிற பாதிரியார் டிரம்ப் என்ற பெட்டை டெரியர் நாயை வாங்கினார், அதிலிருந்து வந்த வம்சம் இது. வளைக்குள் புகுந்து நரியை வெளியே விரட்டுவதற்கென்றே வளர்த்தது. குழந்தை குட்டி உள்ள வீட்டுக்கு மடியில் வைத்துக் கொஞ்ச வேறு இனம் இருக்கிறது. வாங்குமுன் கேட்டிருக்க வேண்டும்.

சில்வர்க்ளென்_நடையன்
பாலா சார், 1819 இருக்கட்டும், அந்தத் தம்பிக்கு இன்னைக்கு ராத்திரி தூங்கணும்.

டோங்காட்_செல்வி
சாப்பாட்டைப் பாருங்க. கறி அதிகமானா சூடேறி இப்படித்தான் ஆடும்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. எங்க வீட்டுல புரட்டாசி முழுக்க நாய்க்கும் பருப்பு சாதம்தான். எப்படி அடங்கிக் கிடக்குது தெரியுமா!

மாரிட்ஸ்பர்க்_அக்கா
அடங்கிக் கிடக்குதா, சோர்ந்து கிடக்குதா? பருப்புல வெங்காயம் போடுவீங்கல்ல செல்வி? வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்த சிவப்பணுவை உடைக்கும். நமக்கு விரதம், அதுக்கு எதுக்கு?

டோங்காட்_செல்வி
விரத மாசத்துல வீட்டுக்குள்ள மாமிசம் வரக்கூடாதுன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. நாயும் அந்த வீட்டுலதானே இருக்கு?

சில்வர்க்ளென்_நடையன்
தட்டை வெளியே வராந்தாவுல வைங்க, நாய் சாப்பாட்டு டின்னை வெளியவே திறங்க. மாமியாருக்கும் ஆச்சு, நாய்க்கும் ஆச்சு.

டர்பன்_வாசு
ஆண், ரெண்டு வயசு, கருத்தடை ஆபரேஷன் ஆச்சு. வெளியேதான் படுக்கும். தோண்டறது ஒரே இடம், வெண்டி ஹவுஸ் (தோட்டத்து மரக் கொட்டகை) பின்பக்க மூலை. உள்ளே கோழித்தீவன மூட்டைதான் இருக்கு, அது எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதானே. ஏன் கேக்கறீங்க?

சில்வர்க்ளென்_நடையன்
ஏன் கேக்கறேனா! எலி தம்பி, எலி! பலகைக்கு அடியில குடும்பமே இருக்கும். உங்க நாய் ராத்திரி டூட்டி பார்க்குது, நீங்க அதுக்கு ஷாக் குடுக்கப் பார்க்கறீங்க.

ப்ளஃப்_ராஜன்
எலி இருக்கற இடத்துக்குப் பாம்பும் வரும். இங்கே ம்ஃபேஸிங்கற விஷம் துப்புற நாகம் அதிகம், அது நேரா கண்ணைப் பார்த்துத் துப்பும். நாய் கண்ணுல பட்டா உடனே நிறையத் தண்ணி விட்டுக் கழுவிட்டு டாக்டர்கிட்ட ஓடணும். மூலையில வெறுங்கையை விடாதீங்க. பாம்பைப் பார்த்தா நாயை உள்ளே அடைச்சிட்டுப் பிடிக்கறவங்களைக் கூப்பிடுங்க.

டர்பன்_வாசு
அப்போ எலி மருந்து வச்சிடவா? டவுன்ல நடைபாதையில பொட்டலம் விக்கிறாங்க.

மாரிட்ஸ்பர்க்_அக்கா
ஐயோ, வேண்டாம்!! அந்தக் குருணை எலி மருந்தே இல்லை, வயலுக்குப் போடற பூச்சிக்கொல்லி. 2024 அக்டோபர்ல ஜோஹன்னஸ்பர்க் சொவெட்டோவுல நலேடிங்கற இடத்துல ஆறு குழந்தைகள் செத்தது டெர்புஃபோஸ்ங்கற விஷத்தால. கடையில முறையா விக்கிற மருந்தும் ஆபத்துதான். பலதும் ரத்தம் உறையாம பண்றது, அதைத் தின்ன எலியை நாய் கடிச்சா நாய்க்கும் போகும். அறிகுறி தெரியவே சில நாளாகும். நேரத்தோட கொண்டு போனா வைட்டமின் கே குடுத்துக் காப்பாத்தலாம். தீவனத்தை மூடி போட்ட தகர டிரம்ல கொட்டுங்க, பலகைக்கு அடியில கம்பி வலை அடிங்க, நாய் எட்டாத இடத்துல பொறி வைங்க.

பாலா_மூத்தவர்
நான் முதலிலேயே சொன்னேன், வளைக்குள் புகும் இனம் என்று.

ப்ளஃப்_ராஜன்
எலின்னு நீங்க எங்கே சார் சொன்னீங்க?

சில்வர்க்ளென்_நடையன்
வாசு, வேலையைப் பிடுங்கினா வேற வேலை குடுக்கணும். இன்னொரு மூலையில மணல் கொட்டி பொம்மையைப் புதைச்சு விடுங்க, அங்கே தோண்டட்டும். ராத்திரி உள்ளே படுக்க விடுங்க. புல்லுப் பக்கம் நடந்துட்டு வந்தா உண்ணி இருக்கான்னு காது, விரலிடுக்கு எல்லாம் பாருங்க. ஈறு வெளுத்து, சோறு வேண்டாம்னு படுத்துட்டா அது உண்ணியால வர்ற பிலியரிங்கற ரத்த நோயா இருக்கலாம், காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

டர்பன்_வாசு
டிரம், வலை ரெண்டும் ஆச்சு. நிறைய எலி. இப்போ உள்ளே படுக்குது, சத்தம் குறைஞ்சிருக்கு. ஆயா வடை குடுத்து விட்டாங்க. நன்றி.

மாரிட்ஸ்பர்க்_அக்கா
வடையில வெங்காயம் இருக்கும், நாய்க்குப் போட்டுடாதீங்க.

டோங்காட்_செல்வி
சரி, பருப்புல வெங்காயமும் பூண்டும் போடலைன்னா? அப்போ புரட்டாசிக்குக் குடுக்கலாம்ல? யாருமே பதில் சொல்லலை.