பளபளக்கும் ஆப்ரிகாட்டும் 220-ம்

சித்தி: நேற்று பெரியவன் கொண்டு வந்த உலர் ஆப்ரிகாட்டில் நாலு தின்றேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகி ஒரே இருமல். இன்ஹேலர் அடித்த பிறகுதான் அடங்கியது.

நான்: இப்போது மூச்சு எப்படி இருக்கிறது சித்தி? பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

சித்தி: 📷 இப்போது பரவாயில்லை. எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது.

அண்ணன்: நான் படித்துப் பார்த்துத்தானே வாங்கினேன்! ஆப்ரிகாட், பதப்படுத்தும் பொருள் 220. அவ்வளவுதான்.

நான்: அந்த 220 தான் அண்ணா, சல்ஃபர் டை ஆக்சைடு. 220 முதல் 228 வரை எந்த எண் இருந்தாலும் சல்ஃபைட் என்கிற பதப்படுத்தும் பொருள்களின் கூட்டம்தான். மெட்டாபைசல்ஃபைட் என்று எழுதியிருந்தாலும் அதேதான். கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சல்ஃபைட் உண்டு என்று சொல்லியாக வேண்டும், பல நாடுகளில் அப்படித்தான் சட்டம். நன்றாகப் பார்.

அண்ணன்: ஆமாம், இருக்கிறது. மடிப்புக்குள்ளே 😐

பெரியப்பா: பழம் நல்ல பளபளப்பாகத்தானே இருந்தது?

நான்: அதுதான் அடையாளமே பெரியப்பா. சல்ஃபைட் சேர்க்காத ஆப்ரிகாட் பழுப்பாகக் கறுத்துப்போகும். பார்க்கச் சகிக்காது, ஆனால் சித்திக்கு அதுதான் சரி.

சித்தி: கழுவி ஊறவைத்தால் போய்விடாதா?

நான்: முழுதாகப் போகாது. எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை, ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குத்தான் இப்படி இழுக்கும். டாக்டரிடம் இந்தப் படத்தையே காட்டுங்கள்.

பெரியப்பா: என் மாத்திரை அட்டையிலும் சல்ஃபேட் என்று இருக்கிறதே! நிறுத்திவிடவா?

நான்: ஐயோ, வேண்டாம்! சல்ஃபேட் வேறு, சல்ஃபைட் வேறு. ‘ஃபே’யா ‘ஃபை’யா என்று பாருங்கள். சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் மருந்து ஒவ்வாமைக்கும் இதற்கும்கூடச் சம்பந்தம் இல்லை.

அண்ணன்: வேறு எதிலெல்லாம் இருக்கும்?

நான்: வெளிர்மஞ்சள் உலர்திராட்சை, பாட்டில் எலுமிச்சைச் சாறு, உருளைக்கிழங்குத் தூள், வைன். அப்புறம் இறால். ஓடு கறுக்காமல் இருக்க சல்ஃபைட் கரைசலில் நனைப்பது உண்டு. திறந்து விற்கும் இறாலுக்கு அட்டை ஏது? விற்பவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அண்ணன்: சரி சித்தி, மன்னித்துக்கொள்ளுங்கள். மீதியை நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

பெரியப்பா: பாதி எனக்கு.