ரன்வே தாண்டிச் சேற்றில் புதைந்த ஏ320 விமானத்தை வெளியே எடுப்பது எப்படி? (பேசும் மூவருக்கும் ஊர்ப் பெயர்)

பல்லாவரம்: மீனம்பாக்கத்தில் மழை நேரத்தில் இப்படி நடந்தால், விமானத்தை இழுக்கும் டோ டிராக்டரை முன்சக்கரத்தில் மாட்டி இழுத்துவிட முடியாதா?

குரோம்பேட்டை: கூடவே கூடாது தம்பி. முன்கால் கெட்டித் தரையில் இழுக்கத்தான். சேற்றில் இழுத்தால் மடங்கிவிடும். இறக்கைக்குக் கீழே உள்ள இரண்டு மெயின் கியரிலும், அதாவது பிரதான சக்கரக் கால்களிலும், வடம் மாட்டி, ஒவ்வொன்றிலும் இழுவிசை மீட்டர் வைத்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுக்கணும். முன்கால் திசைதிருப்ப மட்டும். அதற்கும் முன்னால், விமான விபத்துகளை விசாரிக்கும் ஏஏஐபி அமைப்பின் அனுமதி. தடயம் கலைந்தால் விசாரணையே கெட்டுப்போகும்.

திரிசூலம்: எடையைச் சொல்லுங்க சார். காலி விமானமே சுமார் 42 டன். எரிபொருள், சரக்கு இறக்கணும். வரிசை தப்பினால் ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்து வால் தரையில் உட்காரும். முதலில் சக்கரக் கால் மடங்காதபடி பூட்டும் ஊசியை (கியர் பின்) குத்துங்க, பேட்டரியைக் கழற்றுங்க. சக்கரத்துக்குப் பின்னால் சரிவாகத் தோண்டி, ஜல்லி கொட்டி, மேலே இரும்புத் தகடு. களிமண்ணில் வெறும் தகடு அமிழ்ந்துவிடும்.

பல்லாவரம்: கால் ஒடிந்திருந்தால்?

குரோம்பேட்டை: இறக்கைக்கு அடியில், கையேடு காட்டும் இடத்தில் மட்டும் காற்றுப்பை. இரு பக்கமும் சமமாக ஊதி, சாயாமல் இழுகயிறு கட்டணும். பலத்த காற்றில் தூக்கவே கூடாது. அவசரப்படுத்துவார்கள், மசியாதீங்க; இப்படி ஒரு விமானம் ரன்வே தாண்டியதால் 2019 ஜூலையில் மும்பையின் பிரதான ரன்வேயே சில நாள் மூடிக் கிடந்தது.